அரங்கேற்றக் கேசட்டுகள்: கையைக் கடிக்காமல் ஒரு டிஜிட்டல் மாற்றம்

மயிலாப்பூரில் இருக்கும் ஒரு பரதநாட்டிய ஆசிரியரிடம் முப்பதுக்கும் மேற்பட்ட வீடியோ கேசட்டுகள் இருந்தன. 1980களின் பிற்பாதியிலிருந்து 2004 வரை அவரிடம் கற்ற மாணவிகளின் அரங்கேற்றங்கள், சில சபா நிகழ்ச்சிகள், தூர்தர்ஷனில் ஒளிபரப்பானதை வீட்டு டெக்கில், அதாவது கேசட்டைப் பதிந்து ஓட்டும் விசிஆரில், பதிந்த ஒன்று. பெரும்பாலானவை விஎச்எஸ். ஒரு மாணவியின் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்த வீடியோ-8 நாடாக்கள் சில. 2001க்குப் பிறகு எடுத்தவை மினி டிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் நாடாக்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் ஒன்று, அது அந்த நாட்டு வீடியோ முறையான என்டிஎஸ்சி.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது டீச்சர் கோட்டூர்புரத்தில் தரைத்தள வீட்டில் இருந்தார். அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பெட்டி ஒன்று முழுக்க மூழ்கிவிட்டது. "எல்லாத்தையும் மொட்டை மாடியில காய வெச்சு, துடைச்சு எடுத்து வெச்சிருக்கேன்ப்பா" என்றார். வெளியே பார்க்க சுத்தமாகத்தான் இருந்தன. உள்ளே சேறு அப்படியே இருந்தது.

என் தொழில் வீடியோ எடிட்டிங். தங்கை இவரிடம் பத்து வருடம் ஆடியவள். அதனால் வேலை என்னிடம் வந்தது. பழைய மாணவிகள் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார்கள், ஹார்டு டிஸ்க் உட்பட. கேசட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மாற்றித் தரும் கடைகள் நகரத்தில் இருக்கின்றன. ஒன்றிரண்டு இடங்களில் விசாரித்தோம். எங்கேயும் கைக்கு வருவது டிவிடி அல்லது சின்ன எம்பி4 ஃபைல்தான். சுருக்காத மூலப் பதிவைத் தர யாரும் தயாராக இல்லை. கல்யாண வீடியோவுக்கு அது போதும். அடவு அடவாக நிறுத்திப் பார்த்துக் கற்பிக்க வேண்டிய பதிவுகளுக்குப் போதாது. நாமே செய்வது என்று முடிவானது.

இந்த வேலையில் எதற்குக் காசு போடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாடாவை ஓட்டும் டெக்குக்குப் போட வேண்டும், கடைசியில் ஃபைல் போய் உட்காரும் டிஸ்குக்குப் போட வேண்டும். நடுவில் இருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் கேப்சர் பெட்டி, மென்பொருள், ஏஐ மெருகு இவற்றுக்கெல்லாம் முடிந்தவரை சல்லிக்காசு போடக் கூடாது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பரணில் கிடந்த டெக்கை அப்படியே இறக்கி வைத்துக்கொண்டு, விலை உயர்ந்த கேப்சர் கார்டு தேடுகிறார்கள். நாடாவைப் படிக்கும் காந்த முனையான ஹெட் படிக்காத எதையும் எந்தக் கார்டாலும் பிறகு வரவழைக்க முடியாது.

செலவில்லாத முதல் வேலை: போன்

ஒரு கருவியும் வாங்குவதற்கு முன் டீச்சரின் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு பழைய மாணவிகளுக்குப் போன் போட்டோம். காரணம் இதுதான். அந்தக் காலத்து வீடியோகிராபர் பானசோனிக் எம்-7 மாதிரி தோளில் தூக்கும் கேமராவில் எடுப்பார். ஸ்டூடியோவுக்குப் போய் இரண்டு டெக்கை இணைத்து, டைட்டில், இதய வடிவ மிக்சிங் எல்லாம் போட்டு இன்னொரு கேசட்டுக்கு ஏற்றுவார். அதுவே ஒரு தலைமுறை நகல். அதை மாணவியின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து இன்னொன்று எடுத்து டீச்சருக்குத் தருவார். ஆக, டீச்சர் வீட்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை. விஎச்எஸ்ஸில் ஒவ்வொரு நகலுக்கும் படம் மங்கும், வண்ணம் ஓரத்தில் வழியும், இரைச்சல் ஏறும்.

அழைத்ததில் பாதிப் பேர் வீட்டில் கேசட் போயே போய்விட்டது. மீதியில் பல நல்ல நிலையில் கிடைத்தன. 1991ல் நாரத கான சபாவில் நடந்த ஓர் அரங்கேற்றத்துக்கு, எடிட் செய்யாத கேமரா கேசட்டே மாணவியின் அப்பா பீரோவில் இருந்தது. டீச்சரிடம் இருந்த நகலில் முகம் வெறும் வெள்ளைத் திட்டு. இதில் புருவம் அசைவது தெரிகிறது. எந்த மென்பொருளும் தர முடியாத முன்னேற்றம், ஒரு போன் செலவில். வெள்ளத்தில் நனைந்த கேசட்டுகளிலும் ஒரு பகுதிக்கு இப்படி மாற்று கிடைத்துவிட்டதால் ஆபத்தான வேலை கணிசமாகக் குறைந்தது.

டெக் தேடிய கதை

புது விசிஆர் என்பது இப்போது உலகத்திலேயே கிடையாது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. நம் ஊரில் வாடகைக்கு டெக் எடுத்துத் தொடர்ந்து மூன்று படம் பார்த்த தலைமுறைக்கு ஃபுனாய் விசிபி (பதியாது, ஓட்ட மட்டும் செய்யும் டெக்) நன்றாக நினைவிருக்கும். அந்தக் கம்பெனிதான்.

எனவே செகண்ட் ஹேண்ட் மட்டுமே. இதில் நான் கேட்டவை இரண்டு. முதலாவது, பல நாட்டு முறைகளையும் ஓட்டக்கூடிய மல்டி சிஸ்டம் டெக்காக இருக்க வேண்டும். அந்த ஒரு என்டிஎஸ்சி கேசட்டுக்காக. வெளிநாட்டுப் பொருள் விற்கும் பர்மா பஜார் காலத்தில் வந்த வெளிநாட்டு டெக்குகள் பலவற்றில் இந்த வசதி உண்டு என்பது சென்னைக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். இரண்டாவது, ஹை-ஃபை ஒலி. சாதாரண விஎச்எஸ் ஒலி நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிவாகிறது. நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர்தான் நகர்கிறது என்பதால் அதன் தரம் டெலிபோனைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். ஹை-ஃபை ஒலியை, படத்தைப் போலவே, சுழலும் டிரம்மில் உள்ள ஹெட்கள் பதிகின்றன; கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். எங்கள் அரங்கேற்றங்கள் ஏறக்குறைய எல்லாமே ஓரக்கோட்டு ஒலிதான். ஆனால் வீட்டு டெக்கில் பதிந்த தூர்தர்ஷன் நிகழ்ச்சியில் ஹை-ஃபை தடம் இருந்தது, அதில் வீணை வீணையாகவே கேட்டது.

ஓடாத டெக்கை வாங்கிச் சரிசெய்வது மலிவு. ஓடும் டெக்கை வாங்கிச் சர்வீஸ் செய்வது அதைவிட மலிவு. கடைசியில் ஒரு வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்த பானசோனிக் டெக் ஒன்று கிடைத்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவர், "சார், ஹெட்டு நல்லாகீது. ரப்பருதான் செத்துப்போச்சு" என்றார். பெல்ட்டும், நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலரும் காய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தன. வேறொரு செத்த டெக்கிலிருந்து ரோலரை எடுத்து மாற்றினார். பெல்ட்டுக்கு அளவு பார்த்துப் புதிது போட்டார். வாங்கிய விலையும் கூலியும் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது.

ஹெட் சுத்தம் செய்வதை மட்டும் அவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் அது தினப்படி வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த ஷாம்மி தோலை டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் டிரம்மை மேலிருந்து மெதுவாகச் சுற்ற வேண்டும். தோலை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும்; அதோடு டெக் முடிந்தது. காது குடையும் பட்ஸ் கூடவே கூடாது, பஞ்சு இழை ஹெட் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

சர்வீஸ் முடிந்த டெக்கில் முதலில் போட்டது, போனாலும் கவலையில்லாத ஒரு பழைய சினிமா கேசட். அது முழுதாக ஓடி, சுற்றி, வெளியே வந்த பிறகே அரங்கேற்றக் கேசட்டுகள் மேசைக்கு வந்தன. அவற்றின் முதுகில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட்டோம். அது இல்லாத கேசட்டின் மேல் எந்த டெக்கும் பதியாது. டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நாடா டிரம்மைச் சுற்றியபடியே நின்றுவிடும், அதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

நடராஜர் ஆடினார்

முதல் பதிவைத் திரையில் பார்த்தபோது ஆடியவர் மாணவி மட்டுமல்ல. மேடையின் இடது பக்கம் வைத்திருந்த நடராஜர் சிலையும் இடுப்புக்கு மேல் நெளிந்து நெளிந்து ஆடிக்கொண்டிருந்தார். படத்தின் மேல்பகுதி வலப்பக்கமாகக் கொக்கி போட்டு வளைந்தது. பின்னால் தொங்கிய திரைச்சீலையின் நேர்கோடுகள் எல்லாம் பாம்பு.

விஷயம் இதுதான். நம் நாட்டு வீடியோ முறையான பால் (PAL) முறையில் ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 625 கோடு, ஒவ்வொரு கோடும் 64 மைக்ரோ நொடி. டெக்கில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றி இந்தக் கோடுகளைப் படிக்கிறது. முப்பது வருடத்தில் நாடா கொஞ்சம் நீண்டிருக்கும், சுருங்கியிருக்கும். டெக்கின் இழுவையும் முன்பு மாதிரி இருக்காது. அதனால் கோடுகள் துளி முன்னே பின்னே வந்து சேர்கின்றன. பழைய பெட்டி டிவிகள் இதைச் சகித்துக்கொண்டன. யூஎஸ்பி கேப்சர் கருவிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இதைச் சரிசெய்யும் கருவிக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். தொழில்முறைக் கருவி எங்கள் மொத்த பட்ஜெட்டையும் விழுங்கிவிடும். ஏழைக்கு ஒரு வழி இருக்கிறது: பழைய டிவிடி ரெக்கார்டர். பிளேயர் அல்ல, ரெக்கார்டர். பின்பக்கம் உள்ளீடு இருக்க வேண்டும். டெக்கின் வெளியீட்டை ரெக்கார்டருக்குள் கொடுத்து, எதையும் பதியாமல் அப்படியே மறுபக்கம் எடுத்தால், சில மாடல்கள் உள்ளே வரும் கோடுகளை வரிசைப்படுத்தி வெளியே விடும். 2000களின் நடுவில் வந்த பானசோனிக்கின் இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இந்த வேலைக்குப் பேர்போனவை. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது, இணைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்களுக்கு ஒரு மாணவியின் வீட்டிலிருந்து ஒன்று சும்மாவே வந்தது. நடுவில் வைத்ததும் நடராஜர் நின்ற இடத்தில் நின்றார்.

ரெக்கார்டரின் இன்னொரு லாபம், அதிலிருந்து, ஒளியையும் வண்ணத்தையும் தனித்தனியாகக் கொண்டுபோகும் எஸ்-வீடியோ கம்பியில் எடுக்கலாம் என்பது. அதன் விலை: அந்தப் பெட்டி படத்தின் நுண்ணிய இரைச்சலை லேசாகத் துடைத்துவிடுகிறது, கூடவே பட்டுச்சேலையின் நெசவும் கொஞ்சம் போகிறது. மெனுவில் இரைச்சல் நீக்கத்தை அணைத்ததும் பாதி திரும்பி வந்தது. ஆடும் சிலையைவிட இது மேல்.

தாளம் தப்பிய தில்லானா

கேப்சருக்கு ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த யூஎஸ்பி டாங்கிள்தான். வெளியே ஒரே மாதிரி இருக்கும் டாங்கிள்களுக்குள் வெவ்வேறு சிப் இருக்கும், ஒன்று ஒழுங்காக ஓடும், இன்னொன்று ஓடாது. திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குவது ஒன்றுதான் காப்பு. கூட வரும் சிடியைத் திறக்கவே வேண்டாம். விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளில் 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 ஃப்ரேம், இன்டர்லேஸை (ஒரு ஃப்ரேமை இரண்டு பாதியாகத் தரும் முறை) அப்படியே வைத்து, லாகரித் என்ற இழப்பில்லாத சுருக்கும் முறையில் (கோடெக்கில்) பதிந்தோம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத பிசிஎம். ஒலி அளவை, தொடக்கத்தில் வரும் அலாரிப்பில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஜதி சொல்லும்போது தாளமும் மிருதங்கமும் சேர்ந்து எகிறும் இடத்தைத் தேடி ஓட்டி, அங்கே அளவுகாட்டி சிவப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு முழுதாக ரீவைண்ட் செய்து ஆரம்பித்தோம்.

நாட்டியப் பதிவுக்கு ஒரு வசதி உண்டு. படமும் ஒலியும் விலகுவதை வேறு எந்த வீடியோவையும்விட இதில் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துபவரின் நட்டுவாங்கத் தாளம் மோதும் கணம், பாதம் மேடையில் தட்டும் கணம், சலங்கை ஒலி மூன்றும் ஒன்றாக விழ வேண்டும். ரெக்கார்டர் இல்லாமல் எடுத்த சோதனைப் பதிவில் புஷ்பாஞ்சலி கச்சிதமாக இருந்தது. வர்ணத்தின் முதல் தீர்மானத்தில் (ஜதிக் கோவையில்) ஏதோ உறுத்தியது. கடைசியில் தில்லானா வந்தபோது காலுக்கும் தாளத்துக்கும் அரை நொடி இடைவெளி. பதிவைப் பார்த்த டீச்சர், "அந்தப் பொண்ணு லயத்துல அப்படித் தப்பவே மாட்டா. உங்க மிஷின் தப்புது" என்றார் சுருக்கமாக.

அவர் சொன்னது சரி. நாடாவில் படம் கலையும் இடங்களில் டாங்கிள் ஃப்ரேம்களை நழுவ விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ஒலி மட்டும் நிற்காமல் ஓடியிருக்கிறது. நழுவிய ஃப்ரேம்களின் எண்ணிக்கையை விர்ச்சுவல்டப் பதிவின்போதே திரையோரத்தில் காட்டும். அந்த எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதே இந்த வேலையில் பார்க்க வேண்டிய முதல் விஷயம். ரெக்கார்டரை நடுவில் வைத்த பிறகு சிக்னல் சீராகி, அநேகமாக எல்லாக் கேசட்டிலும் பூஜ்யத்திலேயே நின்றது. நிற்காதவற்றை டெக்கின் டிராக்கிங் குமிழைத் திருகி, ஹெட் துடைத்து, மறுபடி ஓட்டினோம். ஒலியை எடிட்டிங்கில் இழுத்து ஒட்டிச் சரிக்கட்டலாம் என்பார்கள். நழுவல் ஒரே சீராக நடந்தால்தான் அது நடக்கும். இது அங்கங்கே திட்டுத் திட்டாக நடப்பது, எடிட்டருக்கு நரகம்.

எச்சரிக்கையாக ஒன்று. ஏவி கம்பியை எச்டிஎம்ஐ ஆக்கும் கையடக்கப் பெட்டிகள் ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கின்றன. டிவியில் சும்மா ஓட்டிப் பார்க்க நல்லவை. பதிவுக்கு வேண்டவே வேண்டாம். 4:3 படத்தை 16:9க்கு இழுத்துவிடும், இன்டர்லேஸை அவசரமாக ஒட்டவைக்கும், நொடிக்கு 50 அசைவை 60 ஆக்கும்போது நடையில் ஒரு தடுக்கல் வந்துவிடும். இழுத்த படத்தில் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி சுமாராக இருந்தாலும்கூட அபாரமாக அகன்று தெரிகிறது என்று மாணவிகள் சிரித்தார்கள். சிரிப்பு சரி, பாடம் எடுக்க உதவாது.

பூஞ்சையும் சேறும்

சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. மூடி வைத்த கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால், சுற்றிய நாடாவின் பக்கவாட்டில் விபூதி தூவிய மாதிரி வெள்ளைப் பூச்சு தெரியும். அதுதான் பூஞ்சை. அப்படி ஒன்றை டெக்கில் போட்டால் அந்தக் கேசட்டோடு நிற்காது. டெக்குக்குள் ஒட்டி, அடுத்து ஓட்டும் எல்லாவற்றுக்கும் போகும். ஆகவே முதல் நாளே எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து மூன்றாகப் பிரித்துவிட்டோம்: சுத்தமானவை, பூஞ்சை பிடித்தவை, வெள்ளம் பார்த்தவை.

பூஞ்சைக் கேசட்டுகளை சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் வைத்தோம். காய்ந்த பூஞ்சை தூளாக உதிரும், ஈரமானது நாடாவில் அப்பிக்கொள்ளும். துடைக்கும் வேலை பால்கனியில், என்-95 முகக்கவசத்தோடு. கேசட்டின் அடிப்பக்கம் ஐந்து திருகாணி. கழற்றியதும் மேல் ஓடு எழும்பி வரும். உள்ளே இரண்டு சுருள், சில சிறு உருளைகள், ஒரு சின்ன ஸ்பிரிங். ஸ்பிரிங்கைத் தொலைத்தால் தேடி மாளாது, எனவே ஃபேன் கூடாது. மெக்கானிக் கொடுத்த செத்த விசிபி ஒன்றில் சுற்றும் மோட்டார் மட்டும் உயிரோடு இருந்தது. அதன் டிரம்மைக் கழற்றிவிட்டு, நாடா போகும் வழியில் இழை உதிராத துணியை இரண்டு பக்கமும் மடித்துப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக ஓட்டினோம். மூன்று மணி நேரம் ஓடும் ஒரு இ-180 கேசட்டுக்குள் சுமார் 258 மீட்டர் நாடா இருக்கிறது. துணியில் வரும் சாம்பல் நிறக் கோடு நின்றபிறகு, சுருள்களை சுத்தமான வேறொரு ஓட்டுக்குள் மாற்றினோம். சினிமா கேசட்டுகள் கடைசியாகப் பயன்பட்டது இதற்குத்தான்.

முனையில் அறுந்திருந்த நாடாக்களும் உண்டு. அவற்றை ஒட்ட அதற்கென உள்ள ஸ்ப்ளைசிங் டேப் வேண்டும், அதுவும் பின்பக்கம் மட்டும். செல்லோடேப் போட்டால் அதன் பசை கசிந்து ஹெட்டில் ஏறும்.

வெள்ளம் பார்த்தவற்றில் பாதியளவு இந்த முறைக்கு மசிந்தன. ஓடியபோது படத்தின் குறுக்கே கோடுகள் வந்தன, சில நிமிடங்கள் பனி மாதிரி வெறும் புள்ளிகள், நடுநடுவே ஹெட் அடைத்து நிறுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஓடின. மீதியில் நாடா அடுக்கோடு அடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தபோது, பழுப்பு நிறக் காந்தப் பூச்சு உரிந்து அடுத்த அடுக்கின் முதுகில் ஒட்டி வந்தது. அங்கேயே நிறுத்தினேன். அந்தப் பழுப்புதான் படம். நாடாவை அவனில் (oven, மின் அடுப்பு) வைத்துச் சூடாக்கலாம் என்று இணையத்தில் ஆலோசனை கிடைக்கும். அது வேறு வகை நாடாக்களுக்கு, கட்டுப்படுத்திய வெப்பத்தில், தெரிந்தவர்கள் செய்வது. வீட்டு அவனில் பிளாஸ்டிக்தான் உருகும்.

சின்ன நாடாக்கள்

வீடியோ-8க்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. சோனி 1999ல் கொண்டுவந்த டிஜிட்டல்-8 கேமராக்களில் பல, பழைய அனலாக் 8 மில்லிமீட்டர் நாடாவையும் ஓட்டி, அதை டிஜிட்டலாக ஃபயர்வயர் என்ற கம்பி வழியே வெளியே தரும். எல்லா மாடலும் தராது, வாங்குமுன் மேனுவலைப் பார்க்க வேண்டும். ஒரு நண்பரிடம் இரவல் கிடைத்தது, வேலை தீர்ந்தது.

மினி டிவி ஏற்கனவே டிஜிட்டல். அதை அனலாக் மஞ்சள் கம்பியில் இழுத்துப் பிடிப்பது, அச்சான புத்தகத்தை போட்டோ எடுத்து மறுபடி டைப் அடிப்பது மாதிரி. பழைய டெஸ்க்டாப்பில் ஒரு ஃபயர்வயர் கார்டைச் செருகி, கேமராவிலிருந்து அப்படியே நகலெடுத்தால் நாடாவில் இருப்பது மாறாமல் வந்துவிடும். மணிக்கு சுமார் 13 ஜிபி. கார்டு சில நூறு ரூபாய். என்டிஎஸ்சி கேசட் மல்டி சிஸ்டம் டெக்கில் முணுமுணுக்காமல் ஓடியது. கேப்சரில் 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃப்ரேம் என்று மாற்றியதோடு சரி.

அடவைக் கெடுக்காத எம்பி4

விஎச்எஸ் ஃப்ரேம் ஒவ்வொன்றும் உண்மையில் இரண்டு ஃபீல்டு. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணம், இரட்டைப்படைக் கோடுகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து. கம்ப்யூட்டர் திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் கை வீசும் இடமெல்லாம் சீப்புப் பல் தெரியும். இதை நீக்கும் எளிய வழி ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போடுவது, பல கடைகள் செய்வது அதைத்தான். நொடிக்கு 25 அசைவுதான் மிஞ்சும். நாட்டியத்தில் அந்த இன்னொரு பாதிக்குள்தான் கண் வெட்டும், கழுத்து அசைவான அட்டமியும் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக்கி நொடிக்கு 50 ஆக எடுத்தோம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பாப் என்ற தேர்விலேயே இது வரும். பொறுமை இருப்பவர்களுக்கு அவிசின்த் என்ற மென்பொருளில் ஓடும் கியூடிஜிஎம்சி இன்னும் அழகாகச் செய்கிறது. என் கம்ப்யூட்டரில் ஓர் அரங்கேற்றத்துக்கு ஓர் இரவு பிடித்தது.

விகிதம் 4:3 என்று அமைக்காவிட்டால் எல்லோரும் கொஞ்சம் ஒல்லியாகிவிடுவார்கள், 768க்கு 576 வைத்தால் சரி. யூடியூபில் ஏற்ற விரும்பிய பதிவுகளை மட்டும் 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்கினேன். 720க்குக் கீழே உள்ள அளவுகளில் யூடியூப் 50 ஃப்ரேம் தருவதில்லை என்பதுதான் காரணம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு மாணவியிடமும் டீச்சர் அனுமதி கேட்டார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவை தனியாக இருக்கின்றன.

ஏஐ கொண்டு கூர்மையாக்கும் மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்தோம். தூரத்தில் இருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. கிட்டே போனால் கத்தரீமுக முத்திரையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, அலபத்மத்தில் ஒரு விரலே காணோம். முகம் யாரோ ஒருவருடைய முகம். விஎச்எஸ் கிடைமட்டமாகத் தருவது சுமார் 240 கோட்டு நுணுக்கம், வண்ணத்துக்கு அதைவிட மிகக் குறைவு. இல்லாததை அந்த மென்பொருள் ஊகித்து வரைகிறது. முத்திரையை ஊகிக்க விட முடியாது என்று டீச்சர் சொல்லிவிட்டார், எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

கணக்கு

இழப்பில்லாத மூலம் மணிக்கு 30 முதல் 40 ஜிபி வரை வந்தது. இரண்டரை மணி நேர அரங்கேற்றம் ஒன்று கிட்டத்தட்ட 90 ஜிபி. மொத்தமும் 3 டிபிக்குள் அடங்கியது. பதிந்தபின் அவற்றை எஃப்எஃப்வி1 கோடெக்குக்கு மாற்றி எம்கேவி ஃபைல்களாக வைத்தோம். இதுவும் இழப்பில்லாதது, இன்னும் கொஞ்சம் சிறியது, யாருக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம். நாளைக்கு இதைவிட நல்ல இன்டர்லேஸ் நீக்கி வந்தால் கேசட்டைத் தொடாமலே மறுபடி செய்துகொள்ளலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் கைரேகை மாதிரியான ஷா-256 எண் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை ஓட்டி ஒப்பிட்டால் கெட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும்.

4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று டீச்சர் வீட்டில், மற்றது தாம்பரத்தில் ஒரு மாணவி வீட்டில், மாடியில். செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. டெக்கும் அதன் மராமத்தும் அடுத்தது. டாங்கிள், கார்டு, ஆல்கஹால், சிலிகா ஜெல், துணி, கேபிள் எல்லாம் சேர்ந்து மூவாயிரத்தைத் தொடவில்லை. மென்பொருள் செலவு பூஜ்யம். எம்பி4 நகல்கள் மட்டும் கிளவுடில் போய், மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் பகிரப்பட்டது. கேசட்டுகளை யாரும் தூக்கிப் போடவில்லை. ரீவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிற்க வைத்து, மேல்தட்டில் அடுக்கியிருக்கிறோம்.

முப்பதாயிரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுக்கு ஒட்டிய வெள்ளக் கேசட்டுகள் மூன்று தீண்டாமல் டப்பாவில் கிடக்கின்றன. சேதமான நாடாக்களைக் கையாளும் ஒரு லேபில் விலை கேட்டபோது, மிச்சப் பணத்துக்கு ஒன்றுதான் கட்டும் என்று தெரிந்தது. இதில் என் யோசனைக்கு வேலையில்லை. டீச்சர் மூன்று கேசட்டுகளின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளையும் படித்துவிட்டு, 1988ல் நடந்த முதல் அரங்கேற்றத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த மேடையில் நட்டுவாங்கம் செய்தது அவருடைய குரு. குரு நட்டுவாங்கம் செய்த வேறு வீடியோ எதுவும் டீச்சரிடம் கிடையாது. போன வாரம் கூரியரில் அனுப்பினோம். ஓட்டிப் பார்க்க முடிந்தால்தான் முழுக் கட்டணம், முடியாவிட்டால் பரிசோதனைக் கட்டணம் மட்டும் என்று லேபில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.